மஞ்சளித்த விசைகள், கறள் பிடித்த ஸ்பிரிங்குகள்: கொழும்புக்கு எந்த வழி சரி?

அமிகா 500, கொமடோர் 64சி என்று எண்பதுகளின் வீட்டுக் கணினி ஒன்று கொழும்பில் கையில் கிடைத்தால் இரண்டு வேலைகள் கூடவே வரும். விசைப்பலகையில் வெள்ளையாக இருந்த விசைகள் மஞ்சளித்திருக்கும். உள்ளே ஸ்பிரிங்கும் திருகாணியும் மின் இரைச்சலைத் தடுக்கும் தகரக் கவசமும் கறள் பிடித்திருக்கும். இவற்றுக்கு வெளிநாட்டு ஆட்கள் சொல்லும் வைத்தியங்களில் பல, மங்கலான வெயிலையும் காய்ந்த அறைகளையும் கணக்கில் வைத்தவை. இங்கே வெயிலும் கடுமை, காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். அதனால் அங்கே வெல்லும் வழி இங்கே தோற்கலாம், அங்கே தோற்றது இங்கே வெல்லலாம்.

முதலில் மஞ்சள். அந்தக் காலத்து ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் தீ பிடிக்காமல் இருக்க புரோமின் சேர்ந்த பொருட்களைக் கலந்தார்கள். மஞ்சளுக்கு அதைத்தான் வழக்கமாகக் குற்றம் சொல்வார்கள். ஆனால் ஏபிஎஸ்ஸில் உள்ள இறப்பர்ப் பகுதியும் புற ஊதாக் கதிரும் ஒட்சிசனும் பட்டு நிறம் மாறும். ஒரே விசைப்பலகையில் ஸ்பேஸ் பார் மட்டும் கடும் மஞ்சளாகவும் மற்ற விசைகள் ஓரளவு வெள்ளையாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே பிளாஸ்டிக்கில், ஒரே தொகுதியில் வார்க்கப்படவில்லை என்பதுதான் காரணம். எந்த வழியை எடுத்தாலும் ஸ்பேஸ் பாருக்குத் தனி நேரம் கொடுக்க வேண்டியிருக்கும்.

மஞ்சளித்த பிளாஸ்டிக்கை வெளுப்பதற்கு 2008 வாக்கில் பரவிய ‘ரெட்ரோபிரைட்’ முறையின் உயிர் ஹைட்ரஜன் பெரொக்சைட். அதை இரண்டு விதமாக வாங்கலாம். ஒன்று, சலூன்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் தலைமயிர் வெளுக்கும் கிரீம். போத்தலில் 20 வொலியூம் என்றிருந்தால் 6 சதவீதம், 40 வொலியூம் என்றால் 12 சதவீதம். மற்றது தண்ணீர் போன்ற திரவம். பாமசியில் சாதாரணமாகக் கிடைக்கும் 3 சதவீதம் மிக மெதுவாகத்தான் வேலை செய்யும்.

கிரீம் மலிவு, ஒரு போத்தலே நிறைய விசைகளுக்குக் காணும். கணினியின் மேல்மூடி போன்ற பெரிய துண்டுக்குப் பெரிய தொட்டியும் தேவையில்லை. ஆனாலும் கொழும்பு வெயிலில் விசைகளுக்குக் கிரீமை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூசி, பொலித்தீன் சுற்றி மொட்டை மாடியில் வைத்தால் உச்சி வெயிலில் ஓரங்கள் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் வெளுப்பு நின்றுவிடும், ஈரமான இடத்தில் தொடரும். கடைசியில் மாபிள் கல்லைப்போல் வரி வரியாகத் தெரியும். அந்த வரியை எடுப்பது மஞ்சளை எடுப்பதைவிடக் கஷ்டம்.

திரவத்தில் முழுக்கி வெயிலில் வைப்பதுதான் விசைகளுக்கு என் தெரிவு. 6 முதல் 12 சதவீதத் திரவத்தை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி விசைகளை முழுதாக மூழ்கவிடுங்கள். எல்லாப் பக்கமும் ஒரேயளவு நனைவதால் வரி விழாது. தொல்லை ஒன்றுதான்: ஒட்சிசன் குமிழிகள் விசைகளின் அடியில் ஒட்டி அவற்றை மேலே தூக்கும், வெளியே நீட்டிய பாகம் வேறு நிறமாகும். அரை மணிக்கொரு தரம் கிளறிவிட வேண்டும். மணிக்கொரு தரம் ஒரு விசையை எடுத்துக் கழுவிப் பாருங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரையான நல்ல வெயிலில் நாட்டின் புற ஊதாச் சுட்டெண் நண்பகலில் 11ஐத் தாண்டுவது சாதாரணம். ஐரோப்பியர் விளக்கு வாங்கிச் செய்யும் வேலையை நமக்குச் சூரியன் சும்மா செய்கிறது. அளவுக்கு மீறி வைத்தால் பிளாஸ்டிக் வெளிறி மாவு பூத்ததுபோலாகும், அதிலிருந்து திரும்ப வழியில்லை.

எழுத்து அச்சிடப்பட்டதா, பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்க்கப்பட்டதா என்று தெரியாவிட்டால் அமிகாவின் ஹெல்ப் விசை மாதிரி அதிகம் பயன்படாத ஒன்றில் முதலில் சோதியுங்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். 12 சதவீதம் தோலில் பட்டால் வெள்ளையாக எரிக்கும். பாத்திரத்தை இறுக்கி மூடக் கூடாது, உள்ளே வாயு சேரும்.

மழைக்காலத்துக்கு வேறு வழி உண்டு. அதே திரவத்தை 60 பாகை அளவில் சூடாக வைத்தால் வெயில் இல்லாமலே சில மணி நேரத்தில் வெளுக்கும். ஒக்டோபர், நவம்பரில் நாள்கணக்கில் மேகம் மூடிக் கிடக்கும்போது இதுதான் கைகொடுக்கும். ஆனால் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும், காற்றோட்டம் வேண்டும், சமையல் பாத்திரத்தைத் தொடக் கூடாது. வெயில் இருக்கும்போது இந்தச் சிரமம் தேவையில்லை.

பெரொக்சைட் இல்லாமல் வெறும் வெயிலில் வைத்தே வெளுப்பவர்களும் இருக்கிறார்கள். சில பிளாஸ்டிக்கில் அது நடக்கும், சிலவற்றில் மஞ்சள் கூடிவிடும். செலவில்லை என்பதற்காக அரிய விசைகளில் அதைப் பரீட்சிக்காதீர்கள். பெயின்ற் அடிப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: விசையின் சொரசொரப்பும் எழுத்தும் போய்விடும்.

இனி கறள். விசைகளின் நிறத்தைவிட இதில்தான் எனக்கு அக்கறை அதிகம். மஞ்சள் விசையிலும் தட்டலாம், கறள் தின்ற ஸ்பிரிங்கில் தட்ட முடியாது. அமிகா 500இன் மிட்சுமி விசைப்பலகையில் விசையைக் கழற்றினால் அடியில் சின்ன ஸ்பிரிங் நிற்கும். வெள்ளவத்தை, தெஹிவளை மாதிரிக் கடற்கரை ஓரத்து வீடுகளில் பல வருடம் கிடந்த கணினியில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கையில் இருப்பது வினாகிரியும் தேசிக்காயும். இரண்டும் கறளைக் கரைக்கும். ஆனால் கறள் தீர்ந்த பின்னும் அமிலம் நிற்காமல் இரும்பைத் தின்னும். நாகப் பூச்சோ வெள்ளீயப் பூச்சோ இருந்தால் அதையும் எடுத்துவிடும். மெல்லிய ஸ்பிரிங் உருக்குக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: அமிலத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யலாம். தடித்த திருகாணிக்கு வினாகிரி பரவாயில்லை. ஸ்பிரிங்கை அதில் போடாதீர்கள்.

அதைவிட நல்லது வீட்டிலேயே செய்யும் சிற்றிக் கரைசல். ஒரு லீற்றர் தண்ணீரில் 100 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்து, 40 கிராம் வோஷிங் சோடாவை (சோடியம் காபனேற்று) கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். நன்றாக நுரைக்கும், பெரிய வாளி எடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. அமிலத்தின் கடுமை பெருமளவு தணிந்துவிடுவதால் இது கறளைப் பற்றிப் பிடித்துக் கரைக்கும், நல்ல இரும்பை அவ்வளவாகத் தொடாது. கடையில் விற்கும் விலை கூடிய கறள் நீக்கிகளில் சில இதே மாதிரிப் பிடித்துக் கரைக்கும் வகைதான். ஸ்பிரிங், ஸ்பேஸ் பாரின் கம்பி, திருகாணி மூன்றுக்கும் இதைத்தான் எடுப்பேன்.

கறளைக் கறுப்பாக மாற்றும் பொஸ்போரிக் அமிலப் பூச்சு வாகனக்காரருக்கு நல்லது. கணினியின் கவசத் தகட்டுக்கு அது பொருந்தாது. கவசம் மின்தொடர்பில் இருந்தால்தான் வேலை செய்யும். அந்தப் பூச்சு தொடர்பைக் கெடுக்கும். அந்தத் தகட்டின் தொடும் ஓரங்களை மெல்லிய அரத்தாளால் துடைத்து, மற்ற இடங்களை சிற்றிக் கரைசலில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

எந்தக் கரைசலில் இருந்து எடுத்தாலும் அடுத்த சில நிமிடங்கள் முக்கியம். நம் காற்றில் ஈர இரும்பு கண் முன்னாலேயே மறுபடி செம்மண் நிறமாகும். தண்ணீரில் அலசி, உடனே ஹெயார் ட்ரையரால் சூடாகக் காயவைத்து, தையல் மெஷின் ஒயிலை மெல்லிதாகத் தடவித் துடையுங்கள். வெளுத்த விசைகளும் சில வருடங்களில் திரும்ப மஞ்சளிக்கலாம். நிழலில் வைத்தாலும் அது முற்றாக நிற்காது. வேலை முடிந்த கணினியை ஜன்னலுக்குத் தூரமாக, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள். பைகள் ஈரம் குடித்தபின் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.