ஜென்யாட்டா சிலை: பெயிண்டுக்கு மார்க் உண்டு, மற்றதுக்கு?

பெட்டியைப் பிரித்ததும் முதலில் தேடியது ஸ்கேலைத்தான். அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயப் பெண் குதிரை ஜென்யாட்டாவுக்கு 1:9 அளவில் செய்த சிலை என்று போட்டு விற்கிறார்கள், சின்ன இணையக் கடைதான், பெயர் வேண்டாம். நிஜ ஜென்யாட்டாவின் உயரம் 17.2 ஹேண்ட், அதாவது 17 ஹேண்டும் 2 அங்குலமும். ஹேண்ட் என்பது குதிரை உயரத்தை அளக்கும் கணக்கு; ஒன்றுக்கு 4 அங்குலம் என்று போட்டால் 70 அங்குலம், கிட்டத்தட்ட 178 செ.மீ. ஒன்பதால் வகுத்தால் தோள்மேட்டில் 20 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வரவேண்டும். என் மேஜையில் நிற்பது 18. ஆண் குதிரைகளுக்கு நடுவிலும் தனியாகத் தெரிந்த உடம்பு அவளுடையது, அதையே சுருக்கிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

பெயிண்ட் வேலையில் குறை சொல்ல முடியாது. அந்தக் கரும்பழுப்பு வெளிச்சத்தில் பளபளக்கிறது, முகத்தில் இறங்கும் வெள்ளைப் பட்டையைக் கையால் வரைந்திருக்கிறார்கள், தொடைத் தசை அருமை.

சரி, நிற்கிற தோரணைக்கு வருவோம். காதைப் பின்னால் மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு பாய்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். எந்தக் குதிரைக்கும் பொருந்தும் போஸ், இவளுக்குத்தான் பொருந்தாது. பந்தயத்துக்கு முன்னால் முன்னங்காலை நீட்டி நீட்டித் தரையைத் தட்டி ஆடிக்கொண்டே வருவாளே, அதைச் செய்திருக்கலாம். இல்லையென்றால் 2009, கலிஃபோர்னியாவின் சாண்டா அனிடா மைதானம், அமெரிக்காவின் பெரிய பந்தயங்களில் ஒன்றான பிரீடர்ஸ் கப் கிளாசிக்: ஆரம்பத்தில் கடைசி ஆளாகக் கிடந்து, வளைவு தாண்டியதும் ஒவ்வொரு ஆண் குதிரையாக விழுங்கிக்கொண்டு வந்து, கோட்டைத் தொடும்போது காது இரண்டும் நிமிர்ந்து, ஏதோ காலை நடைக்குப் போய்விட்டு வந்த மாதிரி முடித்தாள். 1984-லிருந்து நடக்கும் அந்தப் பந்தயத்தை அதுவரை எந்தப் பெண் குதிரையும் ஜெயித்ததில்லை. அந்தக் காதையாவது நிமிர்த்தி வைத்திருக்கக் கூடாதா?

நிஜமாகவே கோபம் வந்தது கூடவே வந்த அட்டையைப் பார்த்துத்தான். கீன்லேண்ட் குதிரை ஏலத்தில் 60,000 டாலருக்கு வாங்கப்பட்டது, பயிற்சியாளர் ஜான் ஷிரெஃப்ஸ் என்பதெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, "20 பந்தயம், 20 வெற்றி" என்று அச்சடித்திருக்கிறார்கள். 19 ஐயா! 2010-ல் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில், அதே பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில், அவளுடைய கடைசிப் பந்தயத்தில், அதே பழைய பாணியில் பின்னாலிருந்து வந்து பிளேம் என்ற குதிரையிடம் ஒரு தலை வித்தியாசத்தில் தோற்றாள். ஜாக்கி மைக் ஸ்மித் தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லி அழுதுவிட்டார். எனக்கு அவளைப் பிடித்துப்போனதே அந்த ஓட்டத்தில்தான், அதைப் போய் அழித்துவிட்டார்கள்.

கடைக்கு எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் புது அட்டை கிடையாதாம், அடுத்த சிலைக்குத் தள்ளுபடி கூப்பன் தருகிறார்களாம். எனக்கு எதற்கு இன்னொரு குட்டை ஜென்யாட்டா?

5-க்கு 2.5. வாங்குபவர்கள் கவனத்துக்கு: வால் தனியாக வருகிறது, பசை பெட்டியில் இல்லை.