மஞ்சிட்டியா, மில் சாயமா? அப்பாவுக்குப் பின்னிய இரண்டு கோடு போட்ட ஸ்வெட்டர்கள்

அப்பாவுக்கு இரண்டு குளிர்காலத்தில் இரண்டு கையில்லா ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். இரண்டும் கோடு போட்டது, இரண்டும் 40 அங்குல மார்பு, வி கழுத்து, அதே 4 மில்லிமீட்டர் ஊசி. ஒன்று மில்லிலேயே சாயம் ஏற்றி வந்த மெரினோ நூல், மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் படம் போட்டிருந்தது. இன்னொன்று சிவப்புக்கு மஞ்சிட்டி வேர், நீலத்துக்கு அவுரி என்று செடிச் சாயம் ஏற்றிய கம்பளி நூல், அதில் பாதியை நானே வீட்டில் சாயம் போட்டேன். கோத்தகிரியில் இருக்கிறோம், அதனால் ஸ்வெட்டர் எங்களுக்கு அலங்காரம் இல்லை, ஆனி ஆடியிலும் மார்கழியிலும் தினசரி உடுப்பு. எது நல்லது என்று பின்னுகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் செடிச் சாயம் பக்கம். ஆனால் அந்தப் பக்கம் போவதற்குள் ஒரு மஃப்ளரைப் பலி கொடுத்தேன்.

அக்ரிலிக்கை ஒரே வரியில் முடித்துவிடலாம். விலை குறைவு, எப்படித் துவைத்தாலும் தாங்கும், ஊட்டியில் கடைக்குக் கடை கிடைக்கும், ஆனால் ஈரக்காற்றில் போட்டுக்கொண்டு நடந்தால் உள்ளே வியர்க்கும், வெளியே குளிரும். குழந்தைகளுக்குச் சரி.

மில் சாயத்தின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிறம் பளிச்சென்று இருக்கும். கிளிப்பச்சை வேண்டுமென்றால் கிளிப்பச்சையே கிடைக்கும். கண்டுக்குக் கண்டு நிறம் மாறாது, லேபிளில் சாய எண் ஒன்றாக இருந்தால் போதும். அந்த வகைச் சாயம் கம்பளி இழையோடு வேதியியலாகவே கட்டிக்கொள்வதால் ஒழுங்காக ஏற்றியிருந்தால் தண்ணீரில் இறங்காது. அப்பாவின் முதல் ஸ்வெட்டரில் கருநீலமும் வெள்ளையும் அடுத்தடுத்து நாலு வரி, நாலு வரி. இன்றுவரை வெள்ளையில் ஒரு துளி நீலம் இறங்கவில்லை. இதில் குறை சொன்னால் எனக்குப் பாவம்.

விலையில் செடிச் சாய நூல் எனக்கு இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. அதில் ஒளிக்க எதுவும் இல்லை.

இனி துவைப்புக்கு வருகிறேன். என் அனுபவத்தில் இந்தப் போட்டியைத் தீர்மானிப்பது அது ஒன்றுதான். எது அழகு என்ற பேச்சை முதல் துவைப்புக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் மஃப்ளர் கதை. செடிச் சாயம் என்றதும் கைக்கு எட்டிய மஞ்சளில்தான் ஆரம்பித்தேன். சமையலறையிலேயே இருக்கிறது, வெந்நீரில் போட்டால் பத்து நிமிடத்தில் கம்பளி பொன்னாக மாறிவிடுகிறது, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். மஞ்சளும் வெள்ளையும் கோடு போட்டு அப்பாவுக்கு ஒரு மஃப்ளர். இரண்டு வாரம் கழித்து வீட்டில் யாரோ அதைத் துணியோடு துணியாகச் சலவைத் தூளில் ஊறப் போட்டுவிட்டார்கள். நான் போய்ப் பார்க்கும்போது மஞ்சள் கோடெல்லாம் ரத்தச் சிவப்பு, பக்கத்து வெள்ளையெல்லாம் ரோஜா நிறம். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஆரத்தித் தட்டுல விழுந்துடுச்சா?" என்றார். கேலியாகத்தான் சொன்னார், ஆனால் விஷயமே அதுதான். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டு ஆரத்தி கரைக்கிறோமே, அதே காரம் சலவைத் தூளிலும் இருக்கிறது, மஞ்சள் அதைக் கண்டால் சிவக்கும். வினிகர் கலந்த தண்ணீரில் முக்கினேன், மஞ்சளாகத் திரும்பியது. ஆனால் அதற்கப்புறம் ஜன்னலோர ஆணியில் தொங்கியே ஒரு மாதத்துக்குள் வெளுத்து, காய்ந்த வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் அப்படிப்பட்ட சாயம்தான், வெயில் தாங்காது. தப்பு மஞ்சளுடையது இல்லை, கோடு போட அதைத் தேர்ந்தெடுத்த என்னுடையது.

செடிச் சாயம் போகும் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்த மஞ்சளையோ, பீட்ரூட்டையோ, செம்பருத்தியையோ வைத்துத்தான் சொல்கிறார்கள் என்பது என் சந்தேகம். செடிச் சாயம் என்று ஒரே சாயம் கிடையாது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு குணம். அதனால் அடுத்த தடவை ஊசியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு அட்டையில் ஆறு நூல்களைச் சுற்றி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, தெற்குப் பார்த்த ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டிவைத்தேன். மஞ்சள், வெங்காயச் சருகு, மாதுளம் தோல், செண்டுமல்லிப் பூ, மஞ்சிட்டி வேர், அவுரி. காகிதத்தைப் பிரித்தபோது மஞ்சள் காணாமலே போயிருந்தது. வெங்காயச் சருகின் ஆரஞ்சு மங்கியிருந்தது. செண்டுமல்லி கொஞ்சம் பழுத்த மாதிரி. மாதுளம் தோல் பரவாயில்லை. மஞ்சிட்டியிலும் அவுரியிலும் மூடிய பக்கம் எது, திறந்த பக்கம் எது என்று எனக்கே தெரியவில்லை.

அதோடு நிறத் தேர்வு முடிந்துவிட்டது. மஞ்சிட்டிச் சிவப்பு, அவுரி நீலம், சாயமே போடாத வெள்ளை. மூன்றே மூன்று.

வெள்ளை நூல் வெளியூரிலிருந்து வரவழைத்தது. இத்தனைக்கும் நீலகிரி ஆடு என்று எங்கள் மலைக்கே ஒரு மென்கம்பளி இனம் இருக்கிறது, சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் காப்பாற்றி வளர்க்கிறார்கள். கடையில் அந்த நூல் என் கண்ணில் பட்டதே இல்லை.

மஞ்சிட்டி நாட்டு மருந்துக் கடையில் முகத்துக்குப் பூசும் பொடியாகவே கிடைக்கும். 150 கிராம் நூலுக்கு 18 கிராம் படிகாரம் கணக்கு வைத்து, சாயம் இழையைப் பிடித்துக்கொள்வதற்காக முதலில் படிகாரத் தண்ணீரில் நூலை ஒரு மணி நேரம் சூடேற்றி ஆறவிட்டேன். அப்புறம் 100 கிராம் மஞ்சிட்டிப் பொடியைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து பானையில் போட்டேன். முடியாமல் போட்டால் பொடி இழைக்குள் புகுந்து பின்னி முடிக்கிறவரை மடியில் உதிரும். கொதிக்கவே விடக் கூடாது. விரல் வைக்க முடியாத சூடு வந்ததும் அடுப்பைக் குறைத்துவிட வேண்டும், கொதித்தால் சிவப்போடு பழுப்பும் இறங்கி நிறம் செத்துப்போகும். முதல் 50 கிராம் சிட்டம், அதாவது நூல் கற்றை, செங்கல் சிவப்பில் வந்தது. அதே தண்ணீரில் அடுத்த 50 கிராமைப் போட்டால் காவிக்கும் ரோஜாவுக்கும் நடுவில் ஒரு நிறம். மூன்றாவது சிட்டம் பழுத்த கொய்யாவின் உள்சதை மாதிரி. ஒரே வேர், ஒரே பானை, மூன்று நிறம், மூன்றும் ஒன்றுக்கொன்று சொந்தம்போல் பொருந்தும்.

கோடு என்பதே செடிச் சாயத்துக்காகக் கண்டுபிடித்த டிசைனோ என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. வீட்டுப் பானையில் ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் சீராகச் சாயம் ஏற்றுவது கஷ்டம், அடுத்த பானை வேறு நிறத்தில்தான் வரும். ஒரே நிறத்தில் முழு ஸ்வெட்டர் பின்ன நினைத்தால் அது தலைவலி, முதுகு ஒரு நிறம், மார்பு ஒரு நிறம் என்று நிற்கும். கோடு போட்டால் அந்தக் குறையே வேலைக்கு ஆகிவிடுகிறது. மில் நூலில் இதைச் செய்ய மூன்று தனிக் கண்டு வாங்க வேண்டும், ஒவ்வொன்றிலும் பாதி மிஞ்சும்.

அவுரியை நான் போடவில்லை, சாயம் ஏற்றிய சிட்டமாகவே வாங்கினேன். அவுரிச் சாயத் தொட்டியை நொதிக்க வைத்துப் பக்குவம் பார்ப்பது தனி வித்தை, ஒரு நாள் முயன்று பார்த்துவிட்டு எனக்கு இது ஆகாது என்று முடிவுக்கு வந்தேன். அவுரியில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அது இழையோடு கட்டிக்கொள்ளும் சாயம் இல்லை, இழையின்மேல் படிந்து உட்காரும் சாயம். படிகாரமும் தேவையில்லை. அதனால் தண்ணீரில் கரைவதைவிட உரசினால் ஒட்டுவதுதான் அதிகம். பின்னும்போது இடது ஆள்காட்டி விரல் முழுக்க நீலம், தேநீர் கிளாஸிலும் நீலம். பின்னுவதற்கு முன்னாலேயே சிட்டத்தை ஆறு தடவை அலசினேன், ஆறாவது தண்ணீர்தான் தெளிந்தது. அப்படிச் செய்ததால் ஸ்வெட்டரின் வெள்ளைக் கோடு தப்பித்தது. அப்பாவின் வெள்ளைச் சட்டைக் காலர் தப்பிக்கவில்லை, முதல் இரண்டு வாரம் கழுத்தோரம் லேசாக நீலம் ஏறிக்கொண்டே இருந்தது, அப்புறம் நின்றுவிட்டது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இயற்கை அவுரி, செயற்கை அவுரி என்று வரும்போது நிறம் தரும் பொருள் இரண்டிலும் ஒன்றேதான். 1897-லேயே ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். என்ற ரசாயன நிறுவனம் அதை ஆலையில் செய்து விற்க ஆரம்பித்துவிட்டது, இன்றைய ஜீன்ஸில் இருப்பது பெரும்பாலும் அதுதான். இயற்கை நீலம் உடம்புக்கு நல்லது என்று யாராவது அதிக விலை சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அதேபோல் செடிச் சாயம் என்றாலே விஷம் இல்லை என்பதும் இல்லை. சாயத்தைப் பிடித்து வைக்கக் குரோமியம் உப்புப் போடுகிறவர்களும் உண்டு, அது கெடுதல். படிகாரமா, வேறா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சரி, துவைப்பு. செடிச் சாய ஸ்வெட்டருக்கு என் முறை இதுதான். பூந்திக்கொட்டையை ராத்திரியே ஊறவைத்து, பிசைந்து, வடிகட்டி, பச்சைத் தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் ஊறவைப்பேன். தேய்ப்பதும் முறுக்குவதும் கூடாது. துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி நின்று மிதித்தால் தண்ணீர் வந்துவிடும். அப்புறம் நிழலில் படுக்கப்போட்டுக் காய வைக்க வேண்டும். சலவைத் தூள், சோடா உப்பு இரண்டும் அந்தப் பக்கமே வரக் கூடாது, மஞ்சிட்டியே காரம் பட்டால் ஊதாப் பக்கம் சாயும். மழைக்காலத்தில் கோத்தகிரியில் இது காய இரண்டு நாள் ஆகும், இதைச் சலிப்பில்லாமல் செய்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சமாதானம் என்னவென்றால் கம்பளி அடிக்கடி துவைக்க வேண்டிய துணி இல்லை. காற்றாடப் போட்டாலே நாற்றம் போய்விடும். போன குளிர்காலம் முழுக்க மூன்றே தடவைதான் துவைத்தேன்.

மில் நூல் ஸ்வெட்டர் இந்த இடத்தில் சுலபமாக ஜெயித்திருக்க வேண்டும், மெஷினில் போட்டு எடுத்தால் முடிந்தது. போட்டேன். நிறத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நீளத்துக்குத்தான் ஆனது. பின்னி முடித்தபோது 62 சென்டிமீட்டர், மூன்றாவது துவைப்புக்கு அப்புறம் 68. மெஷினில் சுருங்காமல் இருக்க அந்தக் கம்பளி இழைமேல் இருக்கும் நுண்ணிய செதில்களைக் குளோரினால் மழுக்கி, மேலே ஒரு பூச்சும் கொடுத்திருப்பார்கள். செதில் இல்லாவிட்டால் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை, ஈரமானதும் தன் எடையிலேயே தொங்கிவிடும். சூட்டில் உலர்த்தும் மெஷின் இருந்தால் ஓரளவு பழைய அளவுக்குத் திரும்புமாம், எங்கள் வீட்டில் அது இல்லை. இப்போது அப்பா அதை வேட்டிமேல் போட்டால் முழங்கால் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு தோற்றம், அதனால் வீட்டுக்குள் மட்டும்தான். நியாயமாகப் பார்த்தால் இது சாயத்தின் குற்றம் இல்லை, நூல் பதப்படுத்திய விதத்தின் குற்றம். பதப்படுத்தாத நூலிலும் மில் சாயம் கிடைக்கும், அதை வாங்கியிருந்தால் எனக்கு இந்தக் கதையே இருந்திருக்காது, ஆனால் அப்போது அதையும் கையால்தான் துவைத்திருக்க வேண்டும். கையால்தான் துவைக்கப்போகிறோம் என்று ஆனபின் மில் சாயத்தின் பெரிய லாபம் ஒன்று கையைவிட்டுப் போகிறது.

ஒட்டுப் போடுவதும் பராமரிப்புத்தான். கையில்லா ஸ்வெட்டரில் முதலில் போவது கைக்குழி ஓரமும் கீழ் ரிப்பும். மில் ஸ்வெட்டரில் ஓரம் பிய்ந்தபோது அந்தச் சாய எண் கடையில் நின்றுபோயிருந்தது, கிட்டத்தட்ட அதே கருநீலத்தில் ஒட்டினேன், கிட்டத்தட்ட என்பது பத்தடி தூரத்திலிருந்தே தெரிகிறது. செடிச் சாயத்தில் ஏற்கெனவே மூன்று சிவப்பு இருக்கிறது, நாலாவதாக ஒன்று வந்து சேர்ந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? வெளுத்துவிட்டால் மொத்த ஸ்வெட்டரையும் மஞ்சிட்டித் தண்ணீரில் இன்னொரு தடவை மெதுவாக முக்கலாம் என்கிறார்கள். நான் செய்து பார்க்கவில்லை, வெள்ளைக் கோடும் சிவந்துவிடுமே என்று கை வரவில்லை.

இரண்டாவது ஸ்வெட்டருக்கு இன்னும் இரண்டு குளிர்காலம்கூட முழுசாக ஆகவில்லை. பத்து வருடத்தில் மஞ்சிட்டி எப்படி இருக்கும் என்று என் கையிருப்பை வைத்துச் சொல்ல முடியாது. மில் ஸ்வெட்டரின் நீலம் அப்போதும் நீலமாகவே இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பூச்சி அரிப்பதில் இரண்டுக்கும் பேதமில்லை, வேப்பிலையை நம்பாமல் அலசி, காயவைத்து, இறுக்கமான பையில் வையுங்கள். சாம்பல் நிறத்துக்காகக் கடுக்காயும் இரும்பும் சேர்த்துச் சாயம் போட நினைப்பவர்கள் இரும்பைக் கொஞ்சமாகப் போடுங்கள், கம்பளி முரமுரவென்று ஆகி நாளடைவில் இற்றுப்போகும். கருப்பு மாதிரி ஒரு கோடு வேண்டுமென்றால் கறுப்பு ஆட்டுக் கம்பளியை அப்படியே பின்னுவது உத்தமம்.

கைக்குழந்தைக்கோ, துவைப்பது யார் கையில் போகும் என்று தெரியாத வீட்டுக்கோ பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் மில் நூலிலேயே பின்னுங்கள், அளவை இரண்டு அங்குலம் குட்டையாக வைத்துக்கொண்டு. நம் வீட்டில், நம் கையால் அலசப்போகிற ஸ்வெட்டர் என்றால் நான் இனி மில் நூல் பக்கம் போகப்போவதில்லை.

அப்பா இப்போது மூன்றாவதாக ஒன்று கேட்கிறார், "சிவப்பு வேண்டாம்மா, கட்சிக்காரன்னு நினைக்கிறாங்க" என்று. வீட்டுக்குப் பின்னால் தைல மரம் நிற்கிறது. அதன் இலையைக் கொதிக்கவைத்தால் படிகாரம் இல்லாமலேயே கம்பளியில் நல்ல தேன் பழுப்புப் பிடிக்கிறது, ஒரு சிட்டம் போட்டும் பார்த்துவிட்டேன். அதில் ஒரு துண்டு அதே ஜன்னலில், அதே கறுப்புக் காகிதத்துக்குள் பாதி மறைந்து இருக்கிறது. இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, அதுவரை ஊசி பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும்.