காஞ்சனபுரி ஒருநாள் வேன்: 1,200 பாத்துக்குக் கிடைத்தது

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஒருநாள் வேன் சுற்றுலா போனோம். முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தலைக்கு 1,200 பாத். காலை 7:30க்கு விடுதி வாசலில் ஏற்றி, மாலை 5:30க்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. மதியச் சாப்பாடு, ரயில் டிக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாம் அதிலேயே அடக்கம். நான், தம்பி, அம்மா மூன்று பேர் போனோம். கம்பெனி பெயர் வேண்டாம். விடுதி மேசையில் அடுக்கி வைத்திருக்கும் அட்டைகள் அத்தனையிலும் அதே படம், அதே இடங்கள்தான்.

நாங்கள் மலேசியாவில் கிள்ளான்காரர்கள். அம்மாவின் அப்பாவை 1943இல் பேராவில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் ரயிலுக்கு, அதாவது போரின்போது தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரர்கள் போட்ட ரயில் பாதை வேலைக்கு, கொண்டுபோனார்கள். நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் லாரியில் ஏற்றினார்களாம். தாத்தா திரும்பி வந்தது 1945 கடைசியில். 1996 வரை இருந்தார். அவர் போன இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இப்போது 76 வயது. இனியும் தள்ளிப்போட முடியாது என்று கிளம்பினோம்.

வேன் நல்ல வேன். ஏசி வேலை செய்தது, ஓட்டுநர் நிதானம். வழிகாட்டி இளைஞர் நல்ல பிள்ளை, அம்மாவுக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டார். அவர் ஆங்கிலம் பாதி புரிந்தது. குறையெல்லாம் நேரத்தைப் பங்கு போட்ட விதத்தில்.

குவாய் பாலத்தில் நாற்பது நிமிடம். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். வளைந்த இரும்புச் சட்டங்கள் அசல், நடுவில் வளைவில்லாமல் நேராக இருக்கும் இரண்டும் குண்டுவீச்சில் விழுந்ததற்குப் பதிலாகப் போருக்குப் பின் போட்டவை என்று வழிகாட்டி காட்டினார். சரி. ஆனால் பாலத்திலிருந்து நடக்கிற தூரத்தில், 1944இல் ஜப்பான் ராணுவமே கட்டிய நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. இந்தப் பாதையில் செத்தவர்களுக்கென்று வைத்தது. அதன் சுவரில் பல மொழிகளில் கல்வெட்டு, அதில் ஒன்று தமிழ். வேன்காரர்கள் பட்டியலில் அது இல்லை. நல்ல வேளையாக முந்தின நாள் சாயந்திரமே நாங்களாகப் போய்ப் பார்த்துவிட்டோம். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "கொன்னவனே கல்லும் வச்சிருக்கான் பாரு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஊருக்குள் இருக்கும் போர்க் கல்லறைக்கு இவர்கள் கொடுத்தது பதினைந்தே நிமிடம். ஜப்பான்காரர்கள் பிடித்து இந்தப் பாதையில் வேலை வாங்கிய போர்க்கைதிகள் 6,982 பேர் அங்கே கிடக்கிறார்கள். வரிசை வரிசையாகச் சின்னக் கல், அதன் மேல் பெயர்த் தகடு, வயது, சில தகடுகளில் வீட்டார் எழுதிய ஒரு வரி. புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கிறார்கள். கூட வந்த ஒரு பையன் வழிகாட்டியிடம், "கூலிகளின் கல்லறை எங்கே?" என்று கேட்டான். அவர் சிரித்துச் சமாளித்தார். அந்தப் பதிலை வேனில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கைதிகள் ராணுவ ஆட்கள். யார், எந்த முகாமில், எங்கே புதைத்தோம் என்று அவர்களுடைய அதிகாரிகள் ஒளித்து ஒளித்துக் குறித்து வைத்தார்கள். 1945இல் போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு பாதை நெடுகத் தேடிப்போய்த் தோண்டி எடுத்து வந்தார்கள். நம் ஆட்களுக்கு அதிகாரியும் இல்லை, டாக்டரும் இல்லை, பெயர் எழுத ஒரு நோட்டும் இல்லை. பேதி கண்டால் குவித்து எரித்தார்கள், இல்லாவிட்டால் குழியில் தள்ளினார்கள். கைதிகளில் இறந்தவர்கள் 12,000க்கு மேல். மலாயாத் தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள் எல்லாம் சேர்த்துத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை இருக்கும் என்று ஒரு மதிப்பு. எண்ணுவதற்கு யாரும் இல்லாததால் அது மதிப்பாகவே நின்றுவிட்டது.

அப்புறம் நரகத்தீக் கணவாய், ஆங்கிலத்தில் ஹெல்ஃபயர் பாஸ். ரயில் போக மலைப்பாறையை வெட்டித் திறந்த வழி. மொத்தப் பயணத்துக்கும் இது ஒன்றே போதும். ஊரிலிருந்து 80 கிலோமீட்டர், 323ஆம் நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறது. அங்கே ஆஸ்திரேலிய அரசு நடத்தும் நினைவு நிலையம் இருக்கிறது, 1998இல் திறந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு ஒலிக்கருவி தருகிறார்கள், அதுவும் இலவசம். பாதையில் எண் பலகை வரும், அந்த எண்ணை அழுத்தினால் குரல் பேசும். அங்கே வேலை செய்து உயிர் பிழைத்த கைதிகள் கிழவர்களான பிறகு பதிவு செய்த குரல்கள் அதில் இருக்கின்றன.

படி இறங்கினால் மூங்கில் காடு. அதைத் தாண்டிப் போனால் இரண்டு பக்கமும் பாறை நிமிர்ந்து நிற்கிறது. ஆழமான இடத்தில் 25 மீட்டர் இருக்கும். 1943 ஏப்ரல் 25 அன்று வெட்ட ஆரம்பித்தது. ஒருவர் துளைக்கம்பியைப் பிடித்துத் திருப்ப, மற்றவர் சம்மட்டியால் அடிக்க, அப்படித் துளை போட்டு வெடி வைத்திருக்கிறார்கள். உடைந்த கல்லை அள்ளியது வெறுங்கையால். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் அசைந்ததைப் பார்த்துத்தான் நரகத்தீ என்ற பெயர். ஒரு துளைக்குள் உடைந்து சிக்கிய கம்பி இன்னும் அப்படியே இருக்கிறது. தம்பி அதில் விரல் வைத்துப் பார்த்தான். நான் வைக்கவில்லை.

காதில் ஒரு கிழவர் பேசிக்கொண்டிருந்தார். எழுதி வைத்ததை வாசிக்கிற குரல் இல்லை, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. பலகையில் எழுதியிருந்ததை விட அந்தக் குரல்தான் என்னோடு கூட வந்தது.

படி இறங்க அம்மாவால் முடியாது. மேலேயே பெஞ்சில் உட்கார்ந்து கருவியை மாட்டிக்கொண்டார். இங்கிலீஷ் அவருக்கு அரைகுறை. ஆனாலும் கழற்றவில்லை. நாங்கள் திரும்பி வந்ததும் கேட்டார்: "இவங்கல்லாம் இன்னும் இருக்காங்களா?" 2024 ஜனவரியில் ஜாக் ஜென்னிங்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் 104 வயதில் இறந்தபோது, இந்தப் பாதையிலிருந்து மீண்ட கைதிகளில் அவர்தான் கடைசி ஆளாக இருக்கும் என்று செய்தி வந்தது. அதைச் சொன்னேன். அம்மா கருவியைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

நான் அழுத்திய எண்களில் தமிழ்க் குரல் எதுவும் வரவில்லை. நிலையத்தைக் குறை சொல்லி என்ன? தாத்தாவின் முழங்காலுக்குக் கீழே கையகலத் தழும்பு ஒன்று உண்டு. கேட்டால் "மூங்கில் கீறினது" என்பார், அவ்வளவுதான். அங்கே மூங்கில் கீறினால் அது ரணமாகி எலும்பு வரை போகும் என்பதெல்லாம் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். வீட்டில் மூங்கில் ஏணிகூட வைக்க விடமாட்டார். 1989இல் எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தி ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டுப் பதிவு செய்வேன். தாத்தா தினமும் அதற்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். நடுவில் அவர் இருமினால் பாட்டுக் கெடுகிறது என்று கோபித்துக்கொள்வேன். ஒரு கேசட்டில் அந்த இருமல் இன்னும் இருக்கிறது.

இங்கே வேன்காரர்கள் கொடுத்தது ஐம்பது நிமிடம். மூன்று மணி நேரமாவது வேண்டும். நாங்கள் ஒன்பதாம் எண்ணில் இருக்கும்போதே மேலிருந்து விசில். பிறகு ஒரு அருவியில் முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள், யாரும் இறங்கிக் குளிக்கவில்லை.

சாப்பாடு சுமார். சோறு, கோழி, தர்ப்பூசணி. சைவக்காரர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும், சொன்னாலும் மீன்சாறு ஊற்றிவிடுவார்கள்.

ரயில் மட்டும் கொடுத்த காசுக்குத் தகும். தம் கிராசே என்ற இடத்தில் மலையோரமாக மரச்சட்டங்களின் மேல் தண்டவாளம் ஓடுகிறது. கீழே ஆறு. வண்டி மெதுவாக ஊர்கிறது. எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டினார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம், அதில் பாதி ஓட்டுநருக்கு. நீங்கள் போனால் வேன் வேண்டாம். காஞ்சனபுரி பஸ் நிலையத்தில் தோங் பா பூம் போகும் பஸ் ஏறி, கணவாய் வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். தண்ணீரும் நல்ல செருப்பும் அவசியம்.

திரும்பி வந்த வாரமே அம்மாவை உட்கார வைத்து, தாத்தா சொன்னதெல்லாம் நினைவிருக்கிற வரை சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்ய ஆரம்பித்தேன். முதல் இருபது நிமிடமும் தாத்தா தோட்டத்தில் வளர்த்த ஆட்டைப் பற்றித்தான் பேசினார். நிறுத்தவில்லை, ஓட விட்டிருக்கிறேன்.