செய்தி உருவகம்: அப்படியே பெயர்ப்பதா, மாற்றி எழுதுவதா?

வெளிநாட்டுச் செய்தியைத் தமிழாக்குபவர் யாரும் தப்பாத குழப்பம் இது.

புரிதல்
அப்படியே பெயர்த்தால்: தடுமாற்றம். பதவி முடியப்போகும் அமெரிக்க அதிபரைக் குறிக்கும் 'lame duck'-ஐ 'நொண்டி வாத்து' என்றால் வாசகர் விழிப்பார். (18-ஆம் நூற்றாண்டு லண்டன் பங்குச் சந்தையில், கடன் தீர்க்க முடியாதவருக்கு வைத்த பட்டப்பெயர் அது.)
நம்மூர் உருவகமாக மாற்றினால்: சட்டென்று புரியும்.

ஆயுள்
இதில் நேர்பெயர்ப்புதான் ஜெயிக்கிறது. 1946-இல் சர்ச்சில் அமெரிக்காவின் ஃபுல்டன் நகர உரையில் சொல்லிப் பரவிய 'இரும்புத்திரை' (சோவியத் அணியை மேற்கிலிருந்து பிரித்த எல்லை) ஜெர்மன், பிரெஞ்சு, தமிழ் என்று சொல்லுக்குச் சொல் குடியேறிவிட்டது. 'குதிரை பேரம்' இல்லாமல் தமிழ் அரசியல் செய்தி நகருமா? அதுவும் ஆங்கிலத்திலிருந்து வந்த குதிரைதான். மாற்றி எழுதியவை இப்படி ஊன்றுவது அபூர்வம்.

துல்லியம்
பேஸ்பால் உருவகத்துக்குப் பதில் 'கூக்ளி' போடலாம், சரி. ஆனால் மேற்கோளுக்குள் போட்டால் அமெரிக்க செனட்டர் கிரிக்கெட் ஆடியவராகிவிடுவார்!

அவசரச் செய்திக்கும் தலைப்புக்கும் மாற்றி எழுதுங்கள். பொருத்தமானது சிக்காவிட்டால் உருவகத்தையே விட்டுவிட்டு நேராகச் சொல்லுங்கள். மேற்கோளுக்கும் நீண்ட கட்டுரைக்கும் அப்படியே பெயர்த்து, அரை வரி விளக்கம் சேர்த்தால் போதும்.