போன ஓடைக்கு எது: நினைவு வரைபடமா, மரக்கன்றா?

இலங்கை மலையகத்தில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பின் தலவாக்கலை சென் கிளயர் அருவி மெலிந்தது. பீலிக்கரை (ஊற்றுநீர் பிடிக்கும் இடம்), ஓடை என்று சின்ன இடங்களும் போகின்றன. அந்தத் துக்கத்தோடு என்ன செய்வது? முதியவர்களின் நினைவிலிருந்து அந்த இடத்தைத் தாளில் வரையலாம்; அல்லது அங்கே ஒரு மரக்கன்று நடலாம்.

செலவு: வரைபடத்துக்கு ஒரு பெரிய தாள், பென்சில், கைப்பேசி போதும். கன்றுக்குக் குழி, வேலி, ஆள். அதற்கு முன் தேயிலைத் தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி.

நிலைப்பு: லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) ஈரத்தில் பேனா மை பரவும், தாள் பூஞ்சணம் பிடிக்கும். பென்சிலால் எழுதிப் படமெடுத்து மூன்று இடங்களில் வையுங்கள். கன்றுக்கு முதல் இரண்டு வருடம்தான் கண்டம்: புல் மூடும், மாடு கடிக்கும். ஒன்றரை அடிக் குழி, சுற்றி மூன்றடி களையெடுப்பு. ஓடைக்கரையில் யூக்கலிப்டஸ் மட்டும் வேண்டாம்; இருக்கிற நீரையும் உறிஞ்சிவிடும்.

எளிமை: "எதை இழந்தீங்க பாட்டி?" என்றால் பேச்சு நின்றுவிடும். "தண்ணிக்கு எந்த வழியா போனீங்க?" என்று கேளுங்கள், விரலே தாளில் ஓடும். இருபது நிமிடத்தில் நிறுத்திவிடலாம்.

இடம் நீருக்கடியில் போயிருந்தால், அல்லது முதியவர்கள் தளர்ந்துவிட்டால், வரைபடம்தான். ஊற்று இன்னும் கசிகிறது, கைகள் சும்மா இருக்க மறுக்கின்றன என்றால் கன்று.