பக்ஸ் (தொலைநகல்) போட என்று 18,500 ரூபா கொடுத்து ஏமாந்தேன் – கொழும்பில் இருப்பவர்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றுப் பின்னேரம்தான் அந்தக் கடைக்காரர் என்னைக் கடைசியாகத் திருப்பி அனுப்பினார். போன காசு 18,500 ரூபா. வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் மொழிபெயர்ப்பும் டைப்பிங்கும் செய்து பிழைக்கிறவள் நான். 18,500 என்றால் எத்தனை பிறப்புச் சான்றிதழ், எத்தனை விவாகப் பதிவு என்று கணக்குப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கடையின் பெயரைப் போட மாட்டேன். வம்பு வழக்கு என்று அலைய எனக்கு நேரமில்லை. காலி வீதிப் பக்கம் கொம்பியூட்டர் சாமான் விற்கிற கடை, அவ்வளவுதான்.

என் வேலையில் பக்ஸ் இல்லாமல் முடியாது. லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிற சட்டத்தரணிகளுக்கு இங்கிருந்து ஆவணங்கள் போக வேண்டும். ஸ்கேன் பண்ணி ஈமெயிலில் அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அனுப்புகிறேன்தான். ஆனால் சிலர் பக்ஸில் வந்தால்தான் ஃபைலில் வைப்பார்கள். இதுவரை சந்தியிலுள்ள கொமியூனிகேஷன் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அங்கே நிற்கிற பெடியன் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துவிட்டுத்தான் மெஷினுக்குள் விடுவான். ஒருவருடைய விவாகரத்துத் தீர்ப்பை அவன் ஆறுதலாக நின்று வாசித்த அன்றுதான், வீட்டுக் கொம்பியூட்டரிலேயே பக்ஸ் வசதி போட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

கடைக்காரர் நல்ல கதைகாரர். ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். தன் அம்மாவும் அந்தப் பக்கம்தான் என்றார். பிளேன்ரீ வந்தது. "அக்கா, மோடம் ஒண்டு பூட்டி, கோலிங் கார்டையும் அதுக்குள்ள செட் பண்ணி விட்டா, நீங்கள் பட்டனை அமத்துறது மட்டும்தான். லண்டனுக்கு லோக்கல் கோல் காசிலை போகும்" என்றார். மோடம் என்பது கொம்பியூட்டரை டெலிஃபோன் லைனோடு இணைக்கிற பெட்டி, கோலிங் கார்ட் என்பது முன்காசு கொடுத்து வாங்கி வெளிநாட்டுக்கு மலிவாகக் கோல் எடுக்கிற அட்டை. சொன்னதோடு நிற்கவில்லை. தன் கொம்பியூட்டரிலிருந்து ஒரு பக்கத்தை அனுப்பிக் காட்டினார். கடை மூலையிலிருந்த பக்ஸ் மெஷினில் அது வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அந்தத் தாளை என் கையில் தந்து, "வைச்சிருங்கோ" என்றார். அதை மடித்து ஹாண்ட்பாக்கில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கடைக்குள்ளே இருந்து கடைக்குள்ளேயே போன பக்ஸைப் பார்த்து லண்டனை நம்பியிருக்கிறேன்.

மோடம் 9,500, ஆயிரம் ரூபா கோலிங் கார்ட் ஐந்து, வீட்டுக்கு வந்து செட் பண்ணிக் கொடுக்க 4,000. மொத்தம் 18,500. பில்லில் "கொம்பியூட்டர் பொருட்கள் – 18,500" என்று ஒரே வரி. பிரித்து எழுதித் தரச் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. அம்மாவின் ஊர்க்காரர் அல்லவா!

அடுத்த நாள் ஒரு பெடியன் வந்தான். "அன்ரி, அன்ரி" என்று மிகவும் மரியாதையான பிள்ளை. விண்டோஸ் எக்ஸ்பியில் பக்ஸ் சேர்விஸை ஏற்றினான், மோடத்தைப் பூட்டினான், எதையெதையோ தட்டினான். வந்தவுடனேயே ஐந்து கார்டையும் வரிசையாக வைத்து, மறைந்திருக்கிற பின் நம்பர் தெரியச் சுரண்டிவிட்டான். "எல்லாத்தையும் ஒரேயடியா உள்ளுக்குப் போட்டு விடுறன் அன்ரி" என்றான். சோதித்துப் பார்க்கத் தன் கடைக்கே ஒரு பக்ஸ் அனுப்பினான். போனது. இரவில் கோல் மலிவு என்று சொல்லி 8 மணிக்குப் பிறகு போகிற மாதிரிச் செய்து வைத்தான். இருபது நிமிடத்தில் மிச்சக் காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிரவு லண்டனுக்கு மூன்று பக்கம், டொரன்டோவுக்கு இரண்டு பக்கம் போட்டு வைத்தேன். டொரன்டோவுக்கு எடுக்கும்போது, அப்படி ஓர் இலக்கம் இல்லை என்கிற அறிவிப்பு மோடத்தின் குட்டி ஸ்பீக்கரில் கேட்டது. லண்டனுக்கு மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள், பிறகு வைத்துவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து மோடம் தானாகத் திரும்ப எடுத்தது. திரும்பவும் யாரோ எடுத்து வைத்தார்கள். லண்டன் ஒஃபிஸில் புதுப் பெண் போல என்று நினைத்துக்கொண்டு நான் படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை என் ஃபோன் அடித்தது. "கவுத மே?" (யார் இது?) என்று ஒரு பெண் குரல் சிங்களத்தில் கத்தியது. எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும், ஆனாலும் அவர் கேட்ட கேள்விக்கு வாய் வரவில்லை. இரண்டு இரவாக நாங்கள் அவர் வீட்டுக்குக் கோல் எடுத்து, பேசாமல் 'பீப்… பீப்…' என்று சத்தம் போடுகிறோமாம். வீட்டில் வயது போன தாய் படுக்கையில் இருக்கிறாராம். இன்னொரு தடவை அடித்தால் பொலிஸுக்குப் போவாராம். வெள்ளவத்தைத் தமிழ் முகவரியோடு பொலிஸில் அப்படி ஒரு முறைப்பாடு விழுந்தால் என்ன ஆகும் என்று பயந்துபோனேன். மோடம் வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

கடைக்கு எடுத்தேன். "லைன் பிரச்சினை அக்கா, டெலிஃபோன்காரருக்குச் சொல்லுங்கோ." டெலிஃபோன்காரர் வந்து பார்த்தார்கள், லைன் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். திரும்ப எடுத்தேன். "பொடியன் லீவிலை." அடுத்த கிழமை எடுத்தேன். "கார்ட் கொம்பனியைக் கேளுங்கோ அக்கா, அது எங்கடை பொறுப்பில்லை." கார்டின் பின்பக்கத்திலிருந்த இலக்கம் அடிக்கும், அடிக்கும், அடித்துக்கொண்டே இருக்கும்.

கடைசியில் அண்ணாவின் மகன் வந்துதான் பார்த்தான். கொன்ட்ரோல் பனலில் ஃபோன் அன்ட் மோடம் என்கிற இடத்தைத் திறந்தவன் சிரிக்கத் தொடங்கிவிட்டான். "மாமி, நீங்கள் இப்ப அமெரிக்காவிலை இருக்கிறியள்."

விஷயம் இதுதான். நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று விண்டோஸ் ஒரு தடவை கேட்கும். பெடியன் அங்கே முதலில் கிடந்த 'யுனைட்டட் ஸ்டேட்ஸை' மாற்றாமல் ஓகே அடித்திருக்கிறான். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு எடுக்க முதலில் 011 அழுத்த வேண்டும். நமக்கு அது 00. கொழும்பின் ஏரியா கோட் எது? அதே 011! ஆகவே லண்டனுக்கு என்று மோடம் 011, 44 (பிரித்தானியா), 20 (லண்டன்) என்று அழுத்திக்கொண்டு போக, நம் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் அதை 442 என்று தொடங்குகிற கொழும்பு வீட்டு இலக்கமாக எடுத்துக்கொண்டது. ஏழு இலக்கம் நிரம்பியதும் மணி அடித்துவிட்டது. மிச்ச இலக்கங்களை அது கவனிக்கவே இல்லை. டொரன்டோ இன்னும் மோசம். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நாட்டுக் கோட் ஒன்றுதான், 1. உள்நாட்டுக் கோல் என்று நினைத்து, டொரன்டோவின் ஏரியா கோட் 416-க்கு முன்னால் 1 மட்டும் போட்டு, வெறும் 1416 என்று அழுத்தியிருக்கிறது.

கார்ட்? ஒரேயொரு கார்டின் விவரத்தை எழுதி வைத்திருந்தான். ஆனால் மேலே, கார்ட் இல்லாமல் நேரே எடு என்பதுதான் தெரிவாகியிருந்தது. மற்ற நாலையும் சும்மா சுரண்டியிருக்கிறான்.

மருமகன் நாட்டை இலங்கைக்கு மாற்றினான். நாட்டுக் கோட் 94, ஏரியா கோட் 11 (முன்னாலுள்ள 0 இல்லாமல்). பிறகு கார்டைச் சரியாகப் போட்டுப் பார்ப்போம் என்று இரண்டு பின்னேரம் மல்லுக்கட்டினோம். கார்ட் இலக்கத்துக்கு எடுத்தால் மூன்று மொழியில் வரவேற்பு, மொழிக்கு ஒரு இலக்கம், பிறகு பின் நம்பர், பிறகு "உங்களிடம் இத்தனை நிமிடம்" என்கிற பிரசங்கம். மோடத்துக்குக் காது இல்லை. இலக்கங்களுக்கு இடையில் ஒரு கமா போட்டால் 2 வினாடி பொறுக்கும், அதுதான் அதற்குத் தெரிந்த பொறுமை. கமா குறைந்தால் குரல் முடிய முதல் பின் நம்பரை அழுத்திவிடும். கூடினால் கார்ட்காரர் வைத்துவிடுவார். எண்ணி எண்ணி ஒருவழியாக லண்டன் மெஷின் எடுத்தது. இரண்டு முனையிலும் மெஷின்கள் கீச்சிட்டன, அரைப் பக்கம் போனதும் அறுந்தது. திரும்பவும் அரைப் பக்கம். ஒவ்வொரு தடவையும் கார்டில் காசு மட்டும் சரியாகக் கழிந்தது.

இந்தக் கார்ட்கள் மலிவாக இருப்பதே குரலை நசுக்கிச் சுருக்கி இன்டர்நெட் வழியாக அனுப்புவதால்தான் என்று மருமகன் சொன்னான். அப்படி நசுங்கிய குரலை நம் காது எப்படியோ விளங்கிக்கொள்ளும், பக்ஸின் சத்தம் நசுங்கினால் மறுபக்கத்து மெஷினுக்கு ஒன்றும் விளங்காது. கார்டை எடுத்துவிட்டு நேரே ஐடிடியில் (கார்ட் இல்லாமல் வீட்டு லைனிலிருந்தே எடுக்கிற வெளிநாட்டுக் கோல்) அனுப்பினான். மூன்று பக்கமும் அழகாகப் போய்ச் சேர்ந்தன.

சரி, இனி கேட்க நியாயம் இருக்கிறது என்று நேற்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். இந்த முறை பிளேன்ரீ இல்லை. "மோடம் வேலை செய்யுதுதானே அக்கா?" வேலை செய்கிறது. "அப்ப அதைத் திருப்பி எடுக்க ஏலாது." கார்ட்? "சுரண்டின கார்டை ஆர் எடுப்பினம்?" சுரண்டியது உங்கள் பெடியன்தானே! "நீங்கள் பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டுதானே இருந்தியள்." செட் பண்ணின 4,000? "அவன் வந்து போன கூலி." கடைசியில் ஒன்று சொன்னார் பாருங்கள், நான் இதை எழுதுவதே அதனால்தான்: "கார்டிலை பக்ஸ் ஒழுங்காப் போகாது எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே அக்கா."

எல்லாருக்கும் தெரியுமாம்! 18,500 ரூபா கொடுத்த எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் இன்னொரு கடையில் அதே மோடத்தின் விலை கேட்டேன். எவ்வளவு என்று எழுதினால் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

இப்படிப் பூட்டப் போகிறவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது பொறுமை இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் அனுப்ப வேண்டிய வெளிநாட்டு இலக்கத்துக்கே உங்கள் கண் முன்னால் அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள், கடைக்கு அனுப்பிக் காட்டுவதை நம்பாதீர்கள். எந்த நாடு என்று போட்டிருக்கிறது என்பதைக் காசு கொடுக்க முதல் பாருங்கள். பில்லைப் பிரித்து எழுதி வாங்குங்கள். கார்டை வேறு யாரையும் சுரண்ட விடாதீர்கள். சிடிஎம்ஏ ஃபோனில் (வயர் லைன் இல்லாத வீட்டு ஃபோன்) மோடத்தைக் கொழுவலாம் என்று யாரும் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

நுகர்வோர் அதிகார சபைக்கு வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். நேற்றிரவே சிங்களத்திலும் தமிழிலும் டைப் பண்ணிவிட்டேன், அந்த ஒரு வரிப் பில்லின் கொப்பியும் சேர்த்தாயிற்று. பக்ஸில் அனுப்புவோமா மாமி என்று மருமகன் பகிடியாகக் கேட்கிறான். திங்கட்கிழமை பஸ் ஏறிப் போய், கையிலேயே கொடுத்துவிட்டு வரப் போகிறேன்.