மூன்று வருடமாகக் கையில் கட்டியிருக்கும் பேண்டும் அது காட்டும் பூஜ்யமும்

போன வாரம், நடையை எண்ணும் என் ஃபிட்னஸ் பேண்டின் ஸ்ட்ராப் கொக்கியோடு பிய்ந்துவிட்டது. கோவை காந்திபுரத்தில் 250 ரூபாய் கொடுத்து வேறு மாட்டிக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்ததும் ஆபீஸில் கூட வேலை செய்யும் தம்பி, "ஏனுங்ண்ணா, இப்ப விலை குறைஞ்சிருக்குதே, வாங்கலாமுங்களா?" என்று கேட்டார். நின்ற இடத்தில் பதில் சொல்ல வரவில்லை.

பேட்டரி, தண்ணீர் படுவது, இதயத் துடிப்பு எல்லாம் தெரிந்த கதைதான், அவற்றில் குறையில்லை. என் பிரச்சினை, அது எண்ணிக்கொண்டே போகும் 'தொடர் நாட்கள்', அதாவது அன்றன்றைய ஸ்டெப் இலக்கை விடாமல் முடித்த நாட்களின் கணக்கு. ஒரு நாள் விட்டால் அது பூஜ்யத்துக்குப் போய்விடும்.

வாங்கியபோது எனக்கு வயது 46. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 7.4 சதவீதம் இருந்தது. "முதலில் நடங்க" என்றார் டாக்டர். பேண்ட் தானாகவே 10,000 ஸ்டெப் என்று இலக்கு வைத்திருந்தது. ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். இரண்டு சுற்று போனாலும் எனக்கு ஏழாயிரம் தாண்டாது. மிச்சத்தை ராத்திரி மொட்டை மாடியில் முடிப்பேன். முடிந்ததும் மணிக்கட்டில் சின்னதாக ஓர் அதிர்வு வரும், திரையில் பச்சை வட்டம் நிறையும். அந்த அதிர்வுக்காகவே நடந்த நாட்கள் உண்டு. எட்டு மாதத்தில் சர்க்கரை 6.3-க்கு இறங்கியது. படுத்தால் தூக்கம் வந்தது. வீட்டில் எதற்கெடுத்தாலும் சுள்ளென்று விழுவது குறைந்திருக்கிறது என்று மனைவியே சொன்னாள். இதற்கெல்லாம் இந்தப் பேண்டுக்கு நன்றி சொல்லியாக வேண்டும்.

212-வது நாள் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ராத்திரி ஒன்பதரைக்கு ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தபோது கை அதிர்ந்தது. இன்னும் 4,310 ஸ்டெப் பாக்கி. எழுந்து வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்துவிட்டேன். நாலாவது தடவை திரும்பும்போது அம்மா நிமிர்ந்து பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை திரையில் பூஜ்யம். 211 நாள் நடந்த நடை எங்கே போயிற்று? என் காலிலும் ரத்தத்திலும்தானே இருக்கிறது? அப்பா பத்து நாளில் வீடு திரும்பிவிட்டார். நான்தான் அதற்கப்புறமும் மூன்று வாரம் நடக்கப் போகவில்லை. அந்தப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க மனசே வரவில்லை.

அந்தக் கோபத்தில்தான் தேடிப் படித்தேன். 10,000 என்ற எண் பிரபலமானது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' என்ற கருவியால். அந்தப் பெயருக்கே 'பத்தாயிரம் ஸ்டெப் மீட்டர்' என்றுதான் அர்த்தம். ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், வயதான பெண்களுக்கு 7,500 ஸ்டெப்புக்கு மேல் பலன் பெரிதாகக் கூடவில்லை. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு செயல் பழக்கமாகப் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று தெரிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அப்படியிருக்க, ஒரு ராத்திரி அப்பாவுக்காக உட்கார்ந்ததற்கு இது ஏன் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும்?

இலக்கை 7,000-க்குக் குறைத்துவிட்டேன். தொடர் நாட்களை மட்டும் மறைக்க வழியே இல்லை. மூன்று வருடத்தில் எத்தனையோ அப்டேட் வந்தும் இதை மாற்றவில்லை.

என்னைத் திரும்ப நடக்க வைத்தவர் பக்கத்துத் தெருப் பெரியவர். ஒரு நாள் கேட்டுக்கு வெளியே நின்று, "என்னங்க, ஆளையே காணோம்? அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டேன்.

சரி, தம்பிக்குப் பதில். என் சர்க்கரை இறங்கியதற்கு இந்தப் பேண்ட்தான் காரணம், இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் வாங்க வேண்டாம். நாளைக்கு ஐந்தரைக்கு ரேஸ்கோர்ஸ் வந்துவிடுங்கள், நானும் பெரியவரும் இருப்போம்.